பேப்பர் ஏற்கப்பட்டது, பில்லும் வந்தது: ஆய்விதழ்களின் விலை ஏன் குறையவில்லை?

கேட்டவர் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறார். கேள்வியின் சாரம் இது: "பேப்பர் அக்செப்ட் ஆகிவிட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் 3,000 டாலர் கட்டச் சொல்லி மெயில் வந்துவிட்டது. அதே பதிப்பகத்தின் மற்ற இதழ்களைப் படிக்கவும் எங்கள் கல்லூரியில் வழியில்லை. ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கிறது. ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக் கட்டுரையைத் திறந்து வைக்கும் முறை, வந்தால் செலவு குறையும் என்றார்களே, ஏன் குறையவில்லை? நான் இந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அநேகமாகக் கட்ட வேண்டியதில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் விலைக் கதை. அது புரிந்தால்தான் அந்தப் பொத்தான் ஏன் ஓரமாக ஒளிந்திருக்கிறது என்பதும் புரியும்.

எழுதுகிறவருக்குக் காசு கிடையாது, சரிபார்க்கும் ரிவ்யூவருக்கும் கிடையாது, இருவருக்கும் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகமோ அரசோதான், பிறகு அதே பல்கலைக்கழகம் அந்த எழுத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறது. இது எல்லோரும் புலம்புகிற விஷயம். ஆனால் விலை ஏறுவதற்கு இது மட்டும் காரணமில்லை. இன்னொரு பெரிய காரணம், ஒரு இதழுக்கு இன்னொரு இதழ் மாற்று இல்லை என்பது. துவரம்பருப்பு விலை ஏறினால் பாசிப்பருப்பு வாங்கிச் சமாளிக்கலாம். 'பிரெய்ன் ரிசர்ச்' என்ற நரம்பியல் இதழின் விலை ஏறினால், அதில் வந்த கட்டுரை வேறு எதிலும் கிடைக்காது. அப்புறம், இதழ் வேண்டும் என்று கேட்பவர் பேராசிரியர், பணம் கட்டுவது நூலகம். பேராசிரியருக்கு அதன் விலை பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பிரெய்ன் ரிசர்ச்சின் ஆண்டுச் சந்தா 20,000 டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஒரு இதழுக்கு அத்தனை பணம் போகிறது என்பது அதைப் படித்த எத்தனை நரம்பியல் ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்கும்?

விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவருக்கு என்ன நடந்தது என்பது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை. ஹென்றி பார்ஷல் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓர் இயற்பியலாளர். தன் துறை நூலகத்தில் சந்தா விலை ஏறுவதைப் பார்த்து எரிச்சலாகி, உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு பக்கத்தில் எத்தனை எழுத்து, ஆண்டுக்கு எத்தனை பக்கம், சந்தா எவ்வளவு. வகுத்தால் ஆயிரம் எழுத்துக்கு எத்தனை சென்ட் என்று வரும். அதோடு அந்த இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். 1988-இல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் பட்டியல் வெளிவந்தது. இயற்பியல் சங்கங்கள் நடத்திய இதழ்கள் மலிவு. வணிகப் பதிப்பகங்களின் இதழ்கள் அவற்றைவிடப் பல மடங்கு விலை. பட்டியலின் கடைசியில், மிக மோசமான இடத்தில், கார்டன் அண்ட் பிரீச் என்ற பதிப்பகம். அந்த நிறுவனம் என்ன செய்தது? விலையைக் குறைக்கவில்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று நான்கு நாடுகளில் வழக்குப் போட்டது. கூட்டல், வகுத்தல் செய்து அச்சிட்டதற்காக! அமெரிக்க நீதிமன்றம் 1997-இல் பார்ஷல் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்க அவர் இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். ஒரு விலைப்பட்டியலுக்காக இத்தனை ஆண்டுகள் கோர்ட்டில் நிற்கத் தயாராக ஒரு தொழில் இருந்தது என்றால், அதில் என்ன லாபம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த லாபத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் ராபர்ட் மேக்ஸ்வெல். பின்னாளில் செய்தித்தாள் அதிபராகி, கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்து, பென்ஷன் பணத்தைச் சூறையாடியவர் என்று பெயரெடுத்த அதே மேக்ஸ்வெல்தான். 1951-இல் பெர்கமான் பதிப்பகத்தைக் கையில் எடுத்தார். புதிதாக ஒரு துறை முளைக்கும்போதே அதன் முக்கியமான பேராசிரியரைப் பிடித்து, எடிட்டர் பதவி கொடுத்து, ஓர் இதழ் தொடங்கிவிடுவார். புதிய இதழ் பழைய இதழின் வாடிக்கையைப் பறிக்காது. நூலகம் இரண்டையும் வாங்கியாக வேண்டும். வேறு எந்தத் தொழிலிலும் இப்படிப்பட்ட வரம் கிடையாது. 1991-இல் பெர்கமானை டச்சுப் பதிப்பகமான எல்சவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். இன்றும் எல்சவியரின் தாய் நிறுவனமான ரெல்எக்ஸ் தன் அறிவியல் பிரிவில் ஆண்டுதோறும் காட்டும் லாப விகிதம் 37, 38 சதவீதம். மளிகைக்கடை நடத்துகிறவர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்.

1990-களின் நடுவில் இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது, அச்சும் தபாலும் மிச்சம், இனி விலை இறங்கும் என்று நூலகர்கள் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. தனித்தனியாக விற்பதை விட்டுவிட்டு, 'பிக் டீல்' என்ற பெயரில் மொத்த இதழ்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். தனித்தனியாகக் கூட்டினால் வரும் விலையைவிட மூட்டை மலிவு. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், உள்ளே வேண்டாத இதழை எடுத்துப்போட முடியாது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திடம் சொல்லக்கூடாது என்ற ஷரத்தும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமே கையை விரித்தது. இதழ்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 37.5 லட்சம் டாலர் ஆகிறது, சில இதழ்கள் ஒன்றே 40,000 டாலர், இரண்டு பெரிய நிறுவனங்களின் இணைய இதழ்கள் ஆறு ஆண்டுகளில் 145 சதவீதம் ஏறிவிட்டன, இது நீடிக்க முடியாது என்று ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்தின் நிலைமை அது. அதே ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் டிமதி கவர்ஸ் எல்சவியரைப் புறக்கணிக்கப் போவதாக எழுத, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள்.

சரி, ஓப்பன் ஆக்சஸுக்கு வருவோம். அது இந்தக் கோபத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. 1991-இல் லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்தில் இயற்பியலாளர்கள் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே போட ஆரம்பித்தார்கள். நம் ஊர் இணைப்பு தவழ்ந்த காலத்தில் அதன் இந்திய நகல் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை ஓப்பன் ஆக்சஸுக்கு ஒரு வரையறை தந்தது: யாரும் தடையின்றிப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம். இந்தியாவில் இதைத் தொண்டை வற்றப் பேசியவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். அவர் வலியுறுத்திய வழி எளிமையானது: எந்த இதழில் வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் உங்கள் கைப்பிரதியை உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். இதைப் 'பச்சை வழி' என்பார்கள். யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-இலேயே அப்படியொரு களஞ்சியம் வைத்துவிட்டது.

இன்னொன்று 'தங்க வழி': இதழே எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்து வைக்கும். அதற்கான செலவை யார் தருவது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் எழுதுகிறவர் தருவது. பயோமெட் சென்ட்ரல் என்ற பதிப்பகம் 2002-இல் ஒரு கட்டுரைக்கு 500 டாலர் வாங்கியது. 2003-இல் 'பிஎல்ஓஎஸ் பயாலஜி' என்ற இதழ் 1,500 டாலர். அந்த ஆட்கள் உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்; எழுதுகிறவருக்கு விலை தெரியும், அதனால் இதழ்களுக்குள் போட்டி வரும், விலை இறங்கும் என்று நம்பினார்கள். ஆனால் 2021-இல் 'நேச்சர்' ஓப்பன் ஆக்சஸுக்கு வைத்த விலை 9,500 யூரோ.

போட்டி ஏன் வேலை செய்யவில்லை? எழுதுகிறவர் இதழை விலை பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. வேலைக்கு எடுக்கும் கமிட்டி பெயரைத்தான் பார்க்கிறது. தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்ட் 1960-களில் மேற்கோள் அட்டவணை தயாரித்தபோது, எந்த இதழ்களை அதில் சேர்க்கலாம் என்று தேர்வு செய்யத்தான் இம்பாக்ட் ஃபேக்டரைக் கொண்டுவந்தார். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு அது. பிறகு எப்படியோ ஆளை எடைபோடும் தராசாகிவிட்டது. நம் ஊரில் "ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?", அதாவது ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் உள்ள இதழ்களில் எத்தனை பேப்பர் வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பேப்பரில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2022-இல் யு.ஜி.சி. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் பல இடங்களில் பழைய வழக்கமே நடக்கிறது. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். கணக்குக்கும் ஸ்கோபஸ் தரவு வேண்டும். அந்த ஸ்கோபஸ் யாருடையது? எல்சவியருடையது. இதழ் விற்கிற நிறுவனமே எந்த இதழ் கணக்கில் வரும் என்ற பட்டியலையும் வைத்திருக்கிறது. நாமும் அதற்குப் பணம் கொடுத்து வாங்கி, நம் ஆட்களின் பதவி உயர்வை அதை வைத்து முடிவு செய்கிறோம். என்னைக் கேட்டால் விலைப் பிரச்சினையின் ஆணிவேர் இதுதான். சந்தா முறையா, கட்டண முறையா என்பதெல்லாம் அப்புறம்.

எடிட்டர்கள் முயன்று பார்த்ததும் உண்டு. 'நியூரோஇமேஜ்' மூளைப் படவியலில் முன்னணி இதழ், எல்சவியருடையது. ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர். குறையுங்கள் என்று எடிட்டர்கள் கேட்டார்கள்; சந்தை விலைதான் வாங்குகிறோம் என்று நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட எடிட்டர்கள் மொத்தமாக ராஜினாமா செய்து, எம்ஐடி பிரஸ்ஸில் 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்று ஓர் இதழைப் பாதிக்கும் குறைவான கட்டணத்தில் தொடங்கினார்கள். ஆனால் நியூரோஇமேஜ் என்ற பெயர் நிறுவனத்தின் சொத்து. வேறு எடிட்டர்களைப் போட்டுக்கொண்டு அது இன்றும் ஓடுகிறது.

கட்டண முறையால் வந்த இன்னொரு கேடு: ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பேப்பரும் காசு என்றால், நிராகரிக்க யாருக்குக் கை வரும்? "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று பேப்பர் கேட்டுத் தினமும் வரும் மெயில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹைதராபாத்தை மையமாகக் கொண்டு இதழ்கள் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. சின்ன மீன்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வைலி நிறுவனம் 2021-இல் 29.8 கோடி டாலர் கொடுத்து ஹிந்தாவி பதிப்பகத்தை வாங்கியது. 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாகி, கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டது.

பதிப்பகங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்பதும் நியாயமில்லை. நூறு வந்தால் தொண்ணூறை நிராகரிக்கும், சம்பள எடிட்டர்களை வைத்திருக்கும் நேச்சர் மாதிரி இதழ்களுக்கு வெளியாகும் ஒரு கட்டுரைக்கான செலவு உண்மையிலேயே அதிகம். அச்சுக்கோப்பு, எடிட்டிங், நிரந்தரச் சேமிப்பு எல்லாம் வேலைதான். அந்த வேலையில் பெரும்பங்கு எங்கே நடக்கிறது தெரியுமா? சென்னையிலும் புதுச்சேரியிலும். உலகின் பெரிய பதிப்பகங்களின் புரூஃப் மெயிலைத் திறந்தால் கீழே ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது சாதாரணம். ஓரத்தில் கேள்விகள் எண்ணிட்டு வந்திருக்கும். முதல் கேள்வி பெரும்பாலும், ஆசிரியர் பெயர்களில் குடும்பப் பெயர் எது, இயற்பெயர் எது என்று சரியாகக் குறித்திருக்கிறோமா என்பது. இனிஷியல் மட்டும் வைத்துக்கொண்டு குடும்பப் பெயரே இல்லாத ஒரு தமிழரிடம், இனிஷியலோடு திரியும் இன்னொரு தமிழர் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது! வேலை இவ்வளவு மலிவான இடத்தில் நடக்கும்போது 3,000 டாலர் எங்கே போகிறது என்பதுதான் சந்தேகம். எந்திரக் கற்றல் துறையில் 'ஜேஎம்எல்ஆர்' என்ற இதழ் எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதல் வரிசையில் இருக்கிறது. எல்லோரும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தாங்களே வடிவமைத்துக் கொடுக்கும் துறை என்பதால் அங்கே அது சாத்தியம். ஆனால் லத்தீன் அமெரிக்காவில் 1998-லிருந்து 'சைஎலோ' பொதுப்பணத்தில் எல்லாத் துறை இதழ்களையும் இலவசமாகத் தருகிறது. நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமி தன் இதழ்களைத் தன் தளத்தில் திறந்தே வைத்திருக்கிறது. எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் வாங்காத இந்த முறையை 'வைர வழி' என்கிறார்கள். பெயர் பளபளப்பு, பணம் எப்போதும் பற்றாக்குறை.

இந்திய அரசு எடுத்த வழி வேறு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம்: மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1.8 கோடி பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் மாதிரி தனியார் கல்லூரியில் இருப்பவர் இதில் வரமாட்டார், தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார்தான். இன்னொன்று, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் பணத்தில் நடந்த ஆய்வுகளின் கைப்பிரதி வெளியான நாளிலேயே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2025 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் பகுதி ஆண்டுக்கு ஆண்டு கூடும்போது, மொத்தச் சந்தாவுக்கு இத்தனை பணம் கொடுப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தப் பேரத்தில், இந்திய ஆசிரியர்கள் கைப்பிரதியை உடனே களஞ்சியத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போது உங்கள் 3,000 டாலர். முதலில் அந்த இதழ் முழு ஓப்பன் ஆக்சஸா, ஹைப்ரிட்டா என்று அதன் தளத்தில் பாருங்கள். ஹைப்ரிட் என்றால் சந்தாவும் வாங்கும், விரும்புகிறவரிடம் கட்டணமும் வாங்கும் இதழ். பேப்பர் ஏற்கப்பட்டதும் வரும் லிங்க்கைத் திறந்தால் உரிமம் தேர்வுசெய்யும் பக்கம் வரும். ஓப்பன் ஆக்சஸ் பெரிய எழுத்தில், "அதிகம் பேர் படிப்பார்கள்" என்ற ஆசைவார்த்தையோடு மேலே இருக்கும். கீழே, சின்னதாக, சந்தா முறையில் வெளியிடுவது என்று இன்னொரு தேர்வு இருக்கும். அதை அழுத்துங்கள். கட்டணம் பூஜ்யம். பேப்பர் அதே இதழில், அதே ஸ்கோபஸ் கணக்கில் வரும். கல்லூரியில் கேட்டால் அதுவும் 'பேப்பர்'தான்.

பிறகு, ரிவ்யூவுக்குப் பின் நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு அல்லது லேடெக் கோப்பு இருக்கிறதல்லவா, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பை ஏற்றக்கூடாது. இந்தக் கைப்பிரதியை ஏற்றலாம். களஞ்சியத்தில் பொதுவில் வைக்கப் பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் 12 முதல் 24 மாதம் காத்திருக்கச் சொல்லும். இதழுக்கு இதழ் மாறும், ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் இதழின் பெயரைத் தட்டினால் விதி தெரியும். அனுப்புவதற்கு முந்தைய முதல் வடிவத்தை ஆர்க்சைவிலோ அது போன்ற தளத்திலோ போட அநேகமாக எல்லாப் பொறியியல் இதழ்களும் அனுமதிக்கின்றன.

இதழ் முழு ஓப்பன் ஆக்சஸ் என்றால் தப்பிக்கும் வழி குறைவு. எடிட்டருக்கு ஒரு மெயில் போட்டு, ஆய்வுக்கு நிதியுதவி எதுவும் இல்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான பதிப்பகங்களின் தானாகத் தள்ளுபடி தரும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை, ஆனால் தனியாகக் கேட்பவருக்குக் கொடுப்பதுண்டு. பேப்பரை அனுப்பும்போதே கேட்பது நல்லது. ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பல இடங்களில் பரிசீலிக்க மாட்டார்கள். இலங்கையில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். மறுத்துவிட்டால், உரிமப் படிவத்தில் கையெழுத்துப் போடாதவரை பேப்பரைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அனுப்பும்போதே கட்டண நிபந்தனைக்குச் சம்மதித்து டிக் செய்திருந்தால் மட்டும் அந்த வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சில மாதம் போகும்; இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல், அதன் மேல் வரியும் சேர்த்து, சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவதைவிட அது மேல்.

அடுத்த பேப்பருக்கு, ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் தேடும்போது கட்டணம் இல்லாத இதழ்களை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதை முதலில் போட்டுவிடுங்கள். படிப்பதற்கு, பிரவுசரில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்தால் சட்டப்படி இலவசமாக எங்காவது கிடக்கும் பிரதியைத் தானே தேடித் தரும். அதிலும் கிடைக்கவில்லை என்றால் கட்டுரையை எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அனுப்பியிருக்கிறார்கள், பலர் மறுநாளே.